வயர்: முதலில் எந்த ஆல்பம்?

லண்டனின் வயர் இசைக்குழுவை முதன்முறை கேட்க வருபவர் முன் இரண்டு வாசல்கள் இருக்கின்றன: 1977இல் வந்த 'பிங்க் ஃபிளாக்', 1979இல் வந்த '154'. இடையில் இரண்டே ஆண்டுகள்தான். தயாரிப்பாளரும் ஒருவரே, மைக் தோர்ன்.

'பிங்க் ஃபிளாக்' ஏறக்குறைய 35 நிமிடங்களில் 21 பாடல்களைப் பாடி முடித்துவிடுகிறது. சொல்ல வேண்டியதைச் சொன்னதும் பாடல் நின்றுவிடும். சில ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டுவதில்லை. முரட்டு ராக் வகையான பங்க் இசையின் வேகம் இருக்கிறது, அதன் சவடால் இல்லை. உப்புக்கல்லைக் கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கும்.

'154' வேறு வகை. சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் மூட்டம், மெல்ல நகரும் தாளம், ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் ஒரு பாடல். குழுவின் காலின் நியூமன் பாடும்போது இனிமை. கிரஹாம் லூயிஸின் கனத்த குரல் வந்தால் அறையே இருட்டிவிடும். (தலைப்பு, அதுவரை அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை. பெயர் வைக்கும் சோம்பலிலும் ஓர் அழகு!)

பின்னாளில் அமெரிக்க ஆர்.ஈ.எம். குழு எடுத்துப் பாடியது முதல் ஆல்பத்தின் பாடலைத்தான். வயரோ, 1987 அமெரிக்கப் பயணத்தில் பழையதை வாசிக்க மறுத்து, 'பிங்க் ஃபிளாக்' பாடல்களை வாசிக்க வேறொரு குழுவை அழைத்துக்கொண்டது.

என் தேர்வு '154'. ஆனால் பஸ் வரும்வரை கேட்க வேண்டுமானால், 'பிங்க் ஃபிளாக்'.