ஓசூர்க் காற்றில் 2 அயர்ன்: அடி பிரமாதம், சத்தம் தாங்கவில்லை

நான் வைத்திருக்கும் 2 அயர்னின் (பந்தைத் தாழ, தூரமாக அடிக்க உதவும் இரும்புத் தலை கோல்ஃப் மட்டை) விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தர்மபுரி நண்பர் ஒருவர் கேட்டார். அவர் பெங்களூரில் மரங்கள் சூழ்ந்த மைதானத்தில் கோல்ஃப் பழகியவர். இப்போது ஓசூர்ப் பக்கம் ஆட வருகிறார். கடையில் கொடுத்துப் பழுது பார்த்த கிளப் (மட்டை) மறுபடியும் பழைய நிலைக்கே வந்துவிட்ட கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் அதன் நல்லதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயர மேட்டுநிலம். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைத் தடுக்கத் திறந்த மைதானத்தில் ஒன்றும் கிடையாது. எதிர்காற்று பறித்துக்கொள்ளும் தூரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. தோராயக் கணக்கு இதுதான்: மணிக்கு ஒரு மைல் எதிர்காற்றுக்குத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு குறையும், பின்காற்றில் அதில் பாதிதான் கூடும். 15 மைல் காற்றில் 150 யார்டு அடிக்க வேண்டுமானால், எதிர்காற்றில் சுமார் 175 யார்டுக்கான கிளப்பை எடுக்க வேண்டும். பின்காற்றில் 140 யார்டுக்கானது போதும். "காத்து எதிர்ல வருது சார், ரெண்டு நம்பர் கூட எடுத்து மெதுவா அடிங்க" என்று எங்கள் கேடி (பையைத் தூக்கி வரும் உதவியாளர்) சொல்வது இந்தக் கணக்கைத்தான். 'ரெண்டு நம்பர் கூட' என்றால் இன்னும் தூரம் போகும் கிளப், அதாவது 7 அயர்னுக்குப் பதில் 5 அயர்ன்.

அந்த 'மெதுவா'தான் முக்கியம். வேகமாக அடித்தால் பந்தில் பின்சுழற்சி கூடும், பந்து மேலே ஏறும். ஏறிய பந்தைக் காற்று அந்தரத்திலேயே நிறுத்திக் கீழே போட்டுவிடும். இந்த 2 அயர்னின் முகச்சாய்வு (பந்தில் படும் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 18 டிகிரிதான். பந்தைச் சற்றுப் பின்காலை ஒட்டி வைத்து, முக்கால் வீச்சில் அடித்தால், தாழப் பறந்து தரையில் விழுந்து உருண்டுகொண்டே போகும். அதே சாய்வுள்ள ஹைப்ரிட் என்ற தடித்த தலை கிளப்போ பந்தை உயரத் தூக்கிவிடும். 2006இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் டைகர் உட்ஸ் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது, நான்கு நாள் ஆட்டத்திலும் டிரைவரை (அதிக தூரம் அடிக்கும் பெரிய தலை கிளப்) ஒரே ஒரு முறைதான் எடுத்தார். காய்ந்து இறுகிய தரை, பந்து உருண்டே தூரம் போனது. மழை இல்லாத வாரங்களில் நம் தரையும் அப்படித்தான். பையில் 14 கிளப்தான் வைக்கலாம் என்பதால் இதற்காக 5 வுட் என்ற இன்னொரு தூர அடி கிளப்பையே வெளியே எடுத்துவிட்டேன். பக்கக்காற்றில் டிரைவர் அடித்தால் பக்கத்து ஃபேர்வேக்கு (புல் வெட்டிய ஆட்டப் பாதை) போய்விடும் பந்து, இதில் ரஃப் எனப்படும் உயரப் புல் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். இதன் தலை உள்ளே கூடாக இருக்கும். தலையையும் ஷாஃப்டையும் (தண்டு) ஒட்டும் எபாக்ஸிப் பசையில் ஒரு துணுக்கு உடைந்து உள்ளே கிடக்கிறது. கிளப்பை அசைத்தாலே கிலுகிலு. பின்வீச்சு உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் சரியாக ஒரு 'டிக்'. காற்றில் ஆடுகிறவன் அவசரப்படாமல் இருக்க வேண்டிய இடமே அதுதான்! சத்தம் கேட்டதும் கை முந்துகிறது, வீச்சு வேகமாகிறது, பந்து மேலே ஏறுகிறது. தாழ அடிப்பதற்கென்றே வாங்கிய கிளப், உயர அடிக்க வைக்கிறது.

பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்தேன். சூடு காட்டித் தலையைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப ஒட்டித் தந்தார்கள். கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் மறுபடியும் அதே கிலுகிலு. திரும்பப் போய்க் கேட்டால், "டிஸ்டன்ஸ் ஒண்ணும் குறையாது சார், ஆட்டத்தைப் பாதிக்காது" என்கிறார்கள். தூரம் குறையவில்லை, அது உண்மைதான். ஆனால் ஆட்டம் என்பது தூரம் மட்டுமா? சில கிளப்களில் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றி உள்ளே பசை விட்டால் துணுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். இதில் அந்த வசதியும் இல்லை. இவ்வளவு விலை வைக்கிறவர்களுக்கு ஒரு திருகு வைக்கத் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பருக்கு என் பதில்: காற்றுக்கு இதைவிட நல்ல கிளப் என் பையில் இருந்ததில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். கையிலுள்ள 4 அயர்னை ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து முக்கால் வீச்சைப் பழகுங்கள், ஆடிக்காற்றைச் சமாளிக்கலாம். விலையைப் பார்த்து ஆசை விடவில்லை என்றால், காசு கொடுக்கும் முன் தலையைக் காதோரம் வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். சின்னச் சத்தம் வந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்தக் கிளப்புக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் போட முடியாது.