சின்ன வளவுக்கு நாலு கோழி: 2020ல இருந்து பாவிக்கிற எங்கட கோழிக்கூட்டப் பத்தி

திருகோணமலையில சின்ன வளவு வச்சிருக்கிற ஆக்கள் நாலைஞ்சு கோழி வளக்க ஆசைப்பட்டா முதல் கேக்கிறது ஊர்க்கோழி நல்லமா லேயர் நல்லமா எண்டுதான், ஆனா என்னைக் கேட்டா கோழிய ஆறுதலாப் பாக்கலாம், முதல் கூட்டப் பாருங்கோ எண்டுதான் சொல்லுவன். அதுவும் பெயின்ற் என்ன, கூரை வடிவா இருக்கா எண்டெல்லாம் பாக்காம, ஓகஸ்ட் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு இதுக்குள்ள எப்பிடி இருக்கும், டிசம்பரில வாடை மழை சாய்ச்சு அடிக்கிற இரவில எப்பிடி இருக்கும், இந்த ரெண்டையும் யோசிச்சுப் பாத்தாலே கடையில நிக்கிற கூட்டில பாதிக்கு மேல சரிவராது எண்டு தெரிஞ்சிரும்.

நாங்க இருக்கிறது அலஸ்தோட்டம் பக்கம், கடல் நடந்து போற தூரம், வளவு முழுக்க மணல். 2020 மார்ச்சில கொரோனா ஊரடங்கு போட்ட நேரம் ஊரில கனபேர் வீட்டுத்தோட்டம் தொடங்கினவை, எங்கட கூடும் அந்த வருசம் தச்சுவேலை செய்யுற அண்ணன் ஒராளை வச்சு அடிச்சதுதான். இப்பவும் அதே கூடுதான், சில சாமான் மாத்தியிருக்கிறம், சிலது அப்பிடியே நிக்குது, அதால எது தாக்குப்பிடிக்கும் எது பிடிக்காது எண்டு தைரியமா சொல்லலாம்.

அளவுக் கணக்கு லேசு. இரவு படுக்கிற பெட்டிக்குள்ள ஒரு கோழிக்கு 3 தொடக்கம் 4 சதுர அடி, பகல்ல நிக்கிற கம்பி அடைச்ச முத்தத்தில ஒரு கோழிக்கு 8 தொடக்கம் 10 சதுர அடி வேணும். நாலு கோழிக்கு 4 அடிக்கு 4 அடி பெட்டி, 10 அடிக்கு 4 அடி முத்தம், எங்கட கூடு அந்த அளவுதான். என்ர தங்கச்சி வாங்கின ரெடிமேட் கூடு எட்டுக் கோழிக்கு எண்டு சொல்லி வித்தது, டேப் பிடிச்சு அளந்தா 4 அடிக்கு 2 அடி, அதுக்குள்ள ரெண்டு கோழி வசதியா நிக்கும், மூண்டெண்டா நெருக்கம். நெருக்கமா இருந்தா ஒண்டையொண்டு கொத்தத் தொடங்கும், வாலடியில கொஞ்சம் ரத்தம் கண்டிட்டா மத்ததுகளும் சேந்து அதே இடத்திலேயே கொத்தும், அந்தப் பழக்கம் வந்தா நிப்பாட்டுறது சரியான கஷ்டம். அதால எத்தினை கோழிக்கு எண்டு விக்கிறவர் சொல்லுறதக் கேக்காதீங்கோ, டேப்பக் கொண்டு போங்கோ.

இனி சூடு. இதத்தான் நான் ஆகக் கூடச் சொல்லோணும், ஏனெண்டா இன்ரநெற்றில வாற கூட்டுப் படங்கள்ல முக்காவாசி குளிர் நாட்டுக் கூடு, சுத்திவர பலகை, சின்ன யன்னல், அதப் பாத்து இங்க அடிச்சா போறணைக்குள்ள கோழிய விட்ட மாதிரித்தான். கோழிக்கு வேர்க்காது. அதின்ர உடம்புச் சூடே 41, 42 பாகை, வெளியில சூடு கூடினா வாயத் திறந்து இளைச்சு இளைச்சுத்தான் சமாளிக்கும். எங்கட பக்கம் மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காத்து வீசேக்க 34, 35 பாகை சாதாரணம், அதுவும் வறண்ட சூட்டுக்காத்து. தங்கச்சியின்ர கூட்டில ஒரு மத்தியானம் பாத்தனான், பலகைப் பெட்டி, மேல தகரம், ஒரு பக்கம் மட்டும் வலை. பேடு ரெண்டும் செட்டைய உடம்பில முட்டாம விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, கழுத்த நீட்டி, சொண்டு திறந்தபடி, தொண்டைத் தோல் படபடவெண்டு அடிக்க நிண்டதுகள். தண்ணிக் கோப்பையில கை வச்சா தண்ணி கொதிச்சுக் கிடக்கு. அண்டைக்கே ரெண்டு பக்கப் பலகையக் கழட்டி வலை அடிச்சுக் குடுத்தம்.

முட்டையிலயும் இது தெரியும். சூட்டுக்காலத்தில கோது மெல்லிசாகி கையில எடுக்கவே வெடிக்குது எண்டு ஆக்கள் சொல்லுறவை, சிப்பி இடிச்சுப் போட்டாலும் சரிவரேல்ல எண்டு. கோழி விடாம இளைக்கேக்க ரத்தத்தில இருக்கிற காபனீரொட்சைட்டு குறைஞ்சு போகும், கோது எண்டது கல்சியம் காபனேற்று, அதக் கட்டுறதுக்கு அந்தக் காபனீரொட்சைட்டும் வேணும். இதோட சூட்டில தீனும் குறைச்சுத்தான் தின்னும். அதால தீன மாத்துறதுக்கு முதல் கூட்டுக்குள்ள காத்து வாற வழியப் பாருங்கோ.

எங்கட பெட்டியில மூண்டு பக்கம் வலை, ஒரு பக்கம்தான் பலகை. அந்தப் பலகைப் பக்கம் வடக்குப் பாத்து நிக்குது, முட்டைப் பெட்டியும் அதோட ஒட்டித்தான். கிழக்குப் பக்க வலைக்கு மேல ஒரு படங்கு சுருட்டிக் கட்டியிருக்கு. ஒக்டோபர் கடைசியில மழை தொடங்கேக்க அத இறக்கி விடுவம், மாசி பிறக்க திருப்பிச் சுருட்டிருவம். திருகோணமலைக்கு மழை எண்டா ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி மட்டும்தானே, அதுவும் நவம்பர் டிசம்பர்ல வடகிழக்கால கடல் பக்கமிருந்து சாய்ச்சு அடிக்கும், மற்ற மாசத்தில அதே பக்கத்தால வாற கடல்காத்துத்தான் கோழியக் காப்பாத்துறது. அதால கிழக்குப் பக்கத்தில நிரந்தரமா பலகை அடிக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல, இந்தப் படங்கு யோசனை இத்தினை வருசமா அருமையா வேலை செய்யுது, படங்கு மட்டும் வெயில்ல உக்கிப் போறதால ரெண்டு வருசத்துக்கு ஒருக்காப் போல புதுசு கட்டுறம். மழைக்காலத்திலயும் முழுக்க இறுக்கி மூடக்கூடாது, மேல கூரையோட ஒட்டி ஒரு அரையடிக்குக் காத்துப் போக விடோணும், இல்லாட்டி எச்சத்தின்ர அமோனியா உள்ளுக்கு நிண்டு கோழிக்குக் கண்ணும் மூக்கும் எரிஞ்சு சளி பிடிக்கும்.

கூரை தகரம், ஆனா தகரத்துக்கு மேல சிலாகை வச்சு ஒரு நாலு விரல் இடைவெளி விட்டு கிடுகு வேஞ்சிருக்கிறம். வெறும் தகரம் சுடும், வெறும் கிடுகு எண்டா எலியும் பாம்பும் அதுக்குள்ளால இறங்கும், ரெண்டும் சேந்தா ஒண்டின்ர குறைய மற்றது மறைக்குது. கிடுகு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும், எங்களுக்கு வளவிலேயே ஓலை விழுறதால மாமி இருந்து பின்னித் தந்திருவா. தென்னையச் சொன்னதால இதையும் சொல்லுறன், நிழலுக்கு எண்டு தென்னைக்குக் கீழ கூடு வைக்காதீங்கோ, தேங்காயோ மட்டையோ விழுந்தா கூடும் இல்ல கோழியும் இல்ல. எங்கட கூட்டுக்கு மேற்குப் பக்கம் வேம்பு நிக்குது, பின்னேர வெயில அது வாங்கிக்கொள்ளும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கட பக்கத்தால கரை கடந்துதானே, அண்டைக்குக் கோழியள வீட்டு விறாந்தையில கூடையால மூடி வச்சிட்டு, கூடு விடிய நிக்குமா எண்டு பயந்துகொண்டுதான் படுத்தது. கிடுகு முழுக்கப் பறந்திட்டு, கூடு அசையேல்ல. நாலு காலையும் ரெண்டடி ஆழத்துக்கு இறக்கி சிமெந்து போட்டதுதான் காரணம். மணல் வளவில கூட்டச் சும்மா கல்லுக்கு மேல தூக்கி வைக்கிறது ஒருநாளும் சரிவராது. காலுக்கு நிலத்தில இருந்து ஒரு முழத்துக்குக் கழிவு ஓயில் பூசி வாறம், கறையான் இன்னும் தொடேல்ல.

கோழிய பிடிக்க வாறதுகளப் பத்திச் சொல்லோணும் எண்டா, பகல்ல கீரி, இரவில மரநாய், எந்த நேரமும் தெருநாய், முட்டைக்குப் பாம்பு. பெட்டிக்குள்ள பூட்டி வச்சா காணும் எண்டு நினைக்கிறவை வலையப் பத்தி யோசிக்கிறேல்ல. அறுகோணக் கண் வச்ச மெல்லிசுக் கோழிவலை இருக்கே, அது கோழிய உள்ளுக்கு வச்சிருக்க மட்டும்தான், நாய் பல்லு வச்சு இழுத்தா கிழிஞ்சிரும், ஒரு அங்குலக் கண்ணுக்குள்ளால பாம்பும் சின்ன எலியும் வரும். நாங்க போட்டது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் பண்ணின வலை, பச்சை பிளாஸ்டிக் பூச்சோட. விலை கூடத்தான், ஆனா காசு செலவழிக்கிறதெண்டா இதில செலவழியுங்கோ, பெயின்ற்றில மிச்சம் பிடிக்கலாம்.

மணல் நிலத்தில கீரி தோண்டிக்கொண்டு வந்திரும். அதுக்கு வலைய நிலத்துக்குள்ள இறக்கிறத விட, முத்தத்தச் சுத்தி வெளிப்பக்கமா ஒண்டரையடி அகலத்துக்கு நிலத்தில படுக்கப் போட்டு மேல மணல் மூடி விடுறது நல்ல வேலை. கீரி வலை ஓரத்தில வந்துதான் தோண்டும், தோண்ட நகம் வலையில மாட்டும், பின்னால போய்த் தொடங்கோணும் எண்டு அதுக்குத் தெரியாது. விடியத் தண்ணி வைக்கப் போகேக்க ஓரத்தில உள்ளங்கை அளவு பள்ளம், சுத்திவர மணல் எத்தி, அடியில பச்சை வலை பளிச்செண்டு தெரியும், கீரி வந்திட்டுப் போட்டுது எண்டு விளங்கும், மணல் தள்ளி மூடி விட்டாச் சரி. இவ்வளவு வருசத்தில ஒரு கோழியும் அதுக்குப் போகேல்ல.

கடல் பக்கத்து ஆக்களுக்கு இன்னொரு விசயம், உப்புக்காத்து. முதல் கறள் பிடிச்சது பிணைச்சலும் கொண்டியும்தான், ரெண்டாவது மழைக்கே இறுகிப்போய் கதவைத் தூக்கித் திறக்கவேண்டி வந்தது. அதுக்குப் பிறகு பித்தளைப் பிணைச்சல், துருப்பிடிக்காத இரும்பில கொண்டி, ஆணிக்குப் பதிலா திருகாணி எண்டு மாத்தினம், இப்பவும் சுகமாத் திறக்குது. வலையில வெட்டின நுனியள்லதான் கறள் தொடங்குறது, பிளாஸ்டிக் பூச்சு அந்த இடத்தில இல்லத்தானே, அதால வெட்டின கையோட அந்த நுனிக்கு பெயின்ற் தொட்டு விடுங்கோ. குரங்கு வாற இடமெண்டா வெறும் கொண்டி காணாது, ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருங்கோ.

உள் வேலை கனக்க இல்ல. குந்துற கம்பு ஒரு கோழிக்கு 8 தொடக்கம் 10 அங்குலம் கணக்கு வச்சு, ரெண்டங்குல மொத்தத்தில, கூர் விளிம்பு இல்லாம இழைச்சு, முட்டைப் பெட்டிய விட உயரத்தில வைக்கோணும், கோழி எப்பவும் உயரமான இடத்திலதான் படுக்கும், முட்டைப் பெட்டி உயரமா இருந்தா அதுக்குள்ள படுத்து எச்சம் போட்டு முட்டையெல்லாம் ஊத்தையாக்கும். முட்டைப் பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, நாலு பேடுக்கு ஒண்டே காணும், ரெண்டு வச்சாலும் எல்லாம் ஒண்டுக்குத்தான் வரிசையில நிக்கும். அந்தப் பெட்டிக்கு வெளியால திறக்கிற மூடி வைக்கச் சொல்லுங்கோ, பிள்ளையள் கூட்டுக்குள்ள குனிஞ்சு போகாம முட்டை எடுப்பினம், மத்தியானமும் பொழுதுபடவும் எடுத்திட்டா பாம்பு தேடி வாறதும் குறையும்.

நிலத்துக்கு உமி. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் ஆலையள் இருக்கிறதால உமி கிடைக்கிறது பெரிய பாடில்ல, ஈரத்த இழுக்கும், மணக்க விடாது. இரவு எச்சம் முழுக்கக் கம்புக்குக் கீழதான் விழும், அதால அந்த இடத்தில மட்டும் ஒரு தகரத் தட்டு வச்சு மணல் பரப்பியிருக்கிறம், விடிய ஒரு கரண்டியால வாரி எடுத்தா அஞ்சு நிமிச வேலை, பக்கத்து வீட்டு அக்காவும் இண்டைவரைக்கும் மணக்குது எண்டு ஒரு சொல் சொன்னதில்ல. மதிலுக்கு மதில் ஒட்டின வளவில இது பெரிய விசயம். அந்த எச்சத்த உடன மிளகாய்க் கண்டுக்குப் போட்டா வேர் கருகும், ரெண்டு மூண்டு மாசம் குப்பையோட சேத்து உக்க விட்டுப் போடுங்கோ.

மரக்கூட்டில கவனிக்கவேண்டியது கோழிப்பேன். பகல்ல பலகைப் பொருத்துக்குள்ள ஒளிச்சிருந்து இரவில வந்து ரத்தம் குடிக்கிற சிவப்புப் பேன், கோழியப் பிடிச்சுப் பாத்தா ஒண்டும் இருக்காது, ஆனா கோழி கூட்டுக்குள்ள படுக்க வரமாட்டன் எண்டு வேம்பில ஏறும், பூ வெளிறும். அப்பிடிக் கண்டா கம்பின்ர ரெண்டு நுனியும் பொருந்துற இடத்த ரோச் அடிச்சுப் பாருங்கோ. எங்கட கம்பு ஆணி அடிக்காம ரெண்டு பக்கமும் தாங்கியில சும்மா இருக்கிறதால கழட்டி வெயில்ல போட்டு, பொருத்தெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு விடுறம். முத்தத்து மூலையில சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வச்சா மிச்சத்த கோழி தானே பாத்துக்கொள்ளும். மழை விட்ட கையோட நுளம்பு பெருகேக்க கோழி அம்மை வரும், அது நுளம்பாலயும் பரவுறது, அதுக்குத் தடுப்பூசி இருக்கு, மழைக்கு முதல் மிருக வைத்தியர் கந்தோரில கேட்டுப் போடுங்கோ.

வாடகை வீட்டில இருக்கிற ஆக்களும் என்னட்டக் கேட்டிருக்கினம், சிமெந்து போட்டுக் கூடு அடிச்சா வீடு மாறேக்க என்ன செய்யுறது எண்டு. காலையும் பெட்டியையும் போல்ட் நட்டால பொருத்தச் சொல்லுங்கோ, முத்தத்தையும் அஞ்சடி அஞ்சடித் துண்டாச் சட்டம் கட்டி வலை அடிச்சா கழட்டி லாண்ட்மாஸ்டரில ஏத்திக்கொண்டு போகலாம், நிலத்துக்குள்ள இறங்கின நாலு கட்டை மட்டும்தான் விட்டிட்டுப் போகவேண்டியது. தங்கச்சி இப்ப அடிக்கக் குடுத்திருக்கிற கூடு அப்பிடித்தான், 4 அடிக்கு 4 அடி, மூண்டு பக்கம் வலை.