ஒன்றியச் செயலாளரா, சம்பள ஒருங்கிணைப்பாளரா?

தர்மபுரி மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். தேர்தல் வந்தால் களப்பணியை யார் கையில் கொடுப்பது என்ற பேச்சும் வந்துவிடும்: கட்சியின் ஒன்றியச் செயலாளரிடமா, ஆலோசனை நிறுவனம் அனுப்பும் சம்பள ஒருங்கிணைப்பாளரிடமா?

ஒருங்கிணைப்பாளரின் பலம் கணக்கு. எந்தத் தெருவுக்கு யார் போனார்கள், எத்தனை வீடு பூட்டிக் கிடந்தது, எல்லாம் வாக்காளர் பட்டியலின் பாகம் வாரியாக அன்றிரவே கைப்பேசியில் ஏறிவிடும்.

ஆனால் வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தவர் செயலாளர்தான். பென்னாகரம் பக்கத்தில் பல குடும்பங்கள் பெங்களூரு கட்டட வேலையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருக்கும். எந்தப் பேரனைக் கூப்பிட்டால் நான்கு பேர் முந்தைய இரவே பஸ் ஏறுவார்கள் என்பது அவருடைய கசங்கிய நோட்டில் இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிய கோட்டூர் மலைப் பாதையும் அவருக்கு மனப்பாடம்.

அவரிடம் குறை இல்லையா? தனக்கு ஆகாத தெருவைத் தாண்டிப் போய்விட்டு, 'அமோக ஆதரவு' என்று தலைமைக்குச் சொல்வார். பூத் முகவர்களின் சாப்பாட்டுச் செலவுக்குக் கணக்குக் கேட்டால் முகம் சிவக்கும்.

என்னைக் கேட்டால், வீடு வீடாகப் போகும் முதல் சுற்றை ஒருங்கிணைப்பாளர் நடத்தட்டும். கடைசி 48 மணி நேரம் செயலாளருடையது. ஏனென்றால், வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது பிரசாரம் ஓய்ந்ததும், அந்தத் தொகுதியின் வாக்காளர் அல்லாத கட்சிப் பணியாளர்கள் வெளியேறிவிட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கட்டளை.