ஆறு மாதமாக ஒரே சோதனை: 95 என்ற எண்ணை நம்பி ஏமாந்த கதை

ஆறு மாதமாகக் காலைக் காபிக்கு முன் கணினியில் ஒரு பணிமாற்றச் சோதனை செய்து வருகிறேன்; ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மனம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது அது. திரையில் நான்கு கட்டங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஜோடி ஒன்று கடிகார முள் திசையில் கட்டம் விட்டுக் கட்டம் நகரும். மேல் கட்டங்களில் எழுத்தைப் பார்க்க வேண்டும்: மெய் என்றால் இடது விசை, உயிர் என்றால் வலது. கீழே எண்: இரட்டைப்படைக்கு இடது, ஒற்றைப்படைக்கு வலது. உளவியலாளர்கள் ராஜர்ஸும் மான்செலும் 1995இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த வடிவம் இது.

என் பரம எதிரி ‘ஜி7’. எழுத்து இடது விசைக்கு இழுக்கும், எண் வலதுக்கு. விரல் நடுவில் நின்று தவிக்கும். ‘ஏ7’ வந்தால் நிம்மதி, இரண்டுக்கும் வலதுதான்.

விதி மாறும் கட்டத்தில் ஆகும் சராசரி நேரத்திலிருந்து, அதே விதி தொடரும் கட்டத்தின் நேரத்தைக் கழித்தால் மதிப்பெண். குறைந்தால் நல்லது. முதல் நாள் எனக்கு 1,130, 720. வித்தியாசம் 410 மில்லிநொடி.

மூன்றாம் வாரம் ஒரு நாள் 95 வந்தது. வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மாலையில்தான் விவரப் பட்டியலைத் திறந்தேன்: 1,115, 1,020. தவறு செய்யப் பயந்து, சுலபமான கட்டத்திலும் ஆமையாகியிருக்கிறேன்! கழித்தல் கணக்குக்கு அந்த வெட்கமெல்லாம் தெரியாது. அன்றிலிருந்து இரண்டு நேரங்களையும் தவறுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறேன்.

உண்மையான முன்னேற்றம் இரண்டு வழிகளில் வந்தது. ஜோடிகளுக்கு இடையிலான இடைவெளியை அமைப்பில் 600 மில்லிநொடியாகக் கூட்டினேன். அந்த நேரத்தில் ‘எழுத்து’, ‘எண்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது 870, 680 என்ற அளவில் நிற்கிறது. மிச்சம் 190 அசையவே மாட்டேன் என்கிறது. முன்கூட்டித் தயாரானாலும் ஒரு பங்கு தங்கிவிடும் என்பதை அந்த ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள் என்பதால் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. அலுவலகத்தில் கணக்கேட்டுக்கும் தொலைபேசிக்கும் நடுவே நான் படும் பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

மனதுக்குள் சொல்வது எவ்வளவு உதவுகிறது என்று அம்மாவால்தான் தெரிந்தது. சமையலறையிலிருந்து அவர் கூப்பிட, “இதோ வருகிறேன் அம்மா” என்று நான் பதில் சொல்லிக்கொண்டே விசையைத் தட்டிய நாட்களில் வித்தியாசம் 300ஐத் தாண்டியிருக்கிறது.