கால் அங்குல வாயிலிருந்து அரை அங்குல வாய்க்கு: இம்பக்ட் ட்ரைவர் மாற்றம், இரண்டு போகப் பாவனைக்குப் பின்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு சிறிய மின்கருவித் திருத்தகத்தில், என்னுடைய 18 வோல்ட் பற்றரி இம்பக்ட் ட்ரைவரின் (சுழற்றியபடியே அடித்துத் திருகாணி முடுக்கும் கைக்கருவி) கால் அங்குல அறுகோண வாயை, அதாவது பிற் மாட்டும் முனையைக் கழற்றி, அரை அங்குலச் சதுர வாயைப் போடுவித்தேன். காலபோக உழவுக்கு முன்னர் செய்த வேலை அது. சிறுபோகமும் முடிந்துவிட்டதால், அதன் நல்லது கெட்டதை இப்போது உறுதியாக எழுத முடிகிறது.

மாங்குளத்துக்குக் கிழக்கே, முல்லைத்தீவு வீதிப் பக்கத்தில் வாடகைக்கு உழுபவன் நான். உழவு இயந்திரத்தின் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் எனது ரொட்டவேற்றரில் 36 கத்திகள் உள்ளன. கத்திக்கு இரண்டு வீதம் 72 போல்ற்கள். கிறவல் கலந்த தரையில் கத்திகள் விரைவில் தேய்ந்துவிடும். சேறும் துருவும் ஏறிய அந்த 72 போல்ற்களையும் கையால் கழற்றி மாற்ற ஒரு பகல் போய்விடும். மழை தொடங்கிய பின்னர் ஒரு பகல் நின்றால், வரிசையில் காத்திருக்கும் வயல்காரருக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் எல்லோரையும் போல நானும் அறுகோணத் தண்டில் அரை அங்குலச் சதுரம் வைத்த அடப்டரை வாங்கி, 19 மில்லிமீற்றர் சொக்கற்றை அதில் மாட்டிப் பார்த்தேன். இரண்டு அடப்டர்கள் கழுத்தில் முறிந்தன. இரண்டாவதின் துண்டு வாய்க்குள்ளேயே இறுகிக்கொண்டது. காரணம் எளிது. அறுகோணத் தண்டின் அகலம் 6.35 மில்லிமீற்றர், அரை அங்குலச் சதுரத்தின் பக்கம் 12.7 மில்லிமீற்றர், தண்டின் தடிப்பு இரு மடங்கானால் முறுக்கைத் தாங்கும் வலு ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதோடு, மெல்லிய கழுத்து ஒவ்வோர் அடிக்கும் ஸ்பிரிங் போலச் சற்று முறுகித் திரும்புவதால், அடியின் கூர்மை போல்ற்றைச் சேருமுன்பே மழுங்கிவிடுகிறது.

இந்தக் கருவிக்குள் மோட்டர், பற்சக்கரங்கள் வழியாக நடுத்தண்டைச் சுழற்றுகிறது. அத்தண்டின் மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு சுத்தியல் இருக்கிறது. போல்ற் இறுகி எதிர்த்தவுடன் சுத்தியல் உருக்குக் குண்டுகளின் மேல் பின்னுக்கு ஏறி, விடுபட்டு, முன்னால் பாய்ந்து அன்வில் என்னும் முன்தண்டின் இரு காதுகளில் அடிக்கிறது. நிமிடத்துக்கு மூவாயிரம் அளவில் இந்த அடி விழும். நாம் வாய் என்று சொல்வது அந்த அன்விலின் வெளிமுனையைத்தான். ஆகவே வாயை மாற்றுவதென்றால் அன்விலையே மாற்ற வேண்டும். பழைய வாயில் சதுரத் துண்டை ஒட்டுப்போடலாம் என்று ஒருவர் சொன்னார்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒட்டும் சூட்டில் உருக்கின் பதம் கெடும், தண்டும் நடு விலகி ஆடும்.

திருத்தகத்தில் இருந்த இளைஞர் கருவியைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்: “அண்ணை, வாயை மாத்தினால் பலம் கூடாது, வீணாப் போற பலம் போல்ற்றுக்குப் போகும், அவ்வளவுதான்.” வேலையைப் பிடிக்க ஆசைப்படாமல் உண்மையைச் சொன்ன அந்த வார்த்தைக்காகவே அவரிடம் கருவியை ஒப்படைத்தேன். முன்மூடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றிய பின்னர், வேர்னியரால் மூன்று இடங்களை அளந்தார்: முன்மூடியின் வெண்கலப் புஷ்ஷின் உள்விட்டம், அன்விலின் காதுகளின் தடிப்பு, நடுத்தண்டின் நுனி புகும் பின்துளை. இம்மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வேலையை விட்டுவிட வேண்டும். எனது கருவியின் அதே குடும்பத்தில் வரும் அரை அங்குல இம்பக்ட் ரெஞ்சின் (போல்ற் கழற்றவென்றே சதுர வாயோடு வரும் பற்றரிக் கருவி) அன்வில் காதிலும் துளையிலும் பொருந்தியது. ஆனால் புஷ்ஷுக்குப் பெரிதாக இருந்ததால் அந்த ரெஞ்சின் முன்மூடியையும் சேர்த்தே வாங்க நேர்ந்தது. இது முதலில் பேசாத செலவு. எனினும் புஷ்ஷைக் கடைந்து பெருப்பிப்பதைவிட அது நல்ல முடிவு என்றே கருதுகிறேன்.

குறையும் ஒன்று உண்டு. முதல்தரம் கிறீஸை அளவுக்கு மிஞ்சி நிரப்பிவிட்டார்கள். வெயிலில் நின்று வேலை செய்தபோது அது வாய்வழியே கசிந்து, சுத்தியலின் அடியும் தளர்ந்தது. திரும்பக் கொண்டு சென்றபோது மறுபேச்சின்றித் துடைத்து, காதுகளிலும் குண்டுகள் ஓடும் பள்ளங்களிலும் மட்டும் பூசித் தந்தார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

பலனைச் சொல்கிறேன். அடப்டரோடு பத்து விநாடி அடித்தும் அசையாத கத்திப் போல்ற்கள் இப்போது மூன்று நான்கு விநாடிகளில் இளகுகின்றன. 72 போல்ற்களும் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிகின்றன. பின்சில்லின் பெரிய நட்களை மட்டும் இக்கருவி அசைக்கவில்லை. அவற்றுக்கு இன்றும் நீளப் பிடியும் குழாயும்தான். இறுக்கும்போது நான் பாதியில் நிறுத்தி, கடைசி இறுக்கத்தைக் கைச்சாவியால் கொடுக்கிறேன், ஏனெனில் தொடர்ந்து அடித்தால் புரி இழுபட்டுவிடும்.

கூரைத் தகரத்துக்குத் திருகாணி அடிப்பவர்கள் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். சதுர வாயில் மறு அடப்டர் மாட்டித் திருகாணி முடுக்கும் பிற் போடலாம், ஆனால் முனை நீண்டு ஆடுவதால் திருகாணி சரிந்துவிடும். அவர்களுக்குப் போல்ற் கழற்றும் வேலையும் இருந்தால், அதே பற்றரி பொருந்தும் அரை அங்குல இம்பக்ட் ரெஞ்சைப் பற்றரியின்றித் தனியே வாங்குவதே நல்லது. எனக்கு அன்வில், முன்மூடி, கூலி எல்லாம் சேர்ந்தும் அதன் விலையில் பாதிக்குக் குறைவாகவே முடிந்தது. உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறந்தால் அந்த உத்தரவாதம் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சதுர முனையில் சொக்கற்றைப் பிடிக்க வளையம் வைத்ததும் உண்டு, ஊசி வைத்ததும் உண்டு. நான் வளையத்தைத் தேர்ந்தேன், சேறு பிடித்த கையாலும் சொக்கற்றை இழுத்துக் கழற்றலாம். பளபளக்கும் கைச்சொக்கற்றை இதில் மாட்டாதீர்கள். அது வெடித்துச் சிதறக்கூடும். கறுப்பு நிறத்தில், சுவர் தடித்து வரும் இம்பக்ட் சொக்கற்றையே வாங்கி, கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய அன்விலையும் முன்மூடியையும் கேட்டு வாங்கி, கிறீஸ் தடவிச் சுற்றி வைத்திருக்கிறேன். தேவை வந்தால் அதே நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கருவியைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.