டைல்ஸ் இடுக்கில் எபாக்சி: பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

குளியலறையில் எந்த கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) போட்டிருக்கிறது என்பதை, ஷவருக்கு நேர் கீழே முழங்கால் உயரத்தில் உள்ள இடுக்குகளே காட்டிக்கொடுத்துவிடும். சிமென்ட் கிரவுட் என்றால், போட்ட நிறம் மேல் வரிசைகளில் மட்டும் மிச்சம் இருக்கும். கீழே வர வரப் பழுப்பேறி, தரையை ஒட்டிய வரிசை கறுத்துக் கிடக்கும். சாவி நுனியால் கீறினால் மாவாக உதிரும். எபாக்சி என்றால் மேலும் கீழும் ஒரே நிறம், சாவி வழுக்கிக்கொண்டு போகும். படிந்திருப்பது வெறும் சோப்புப் படலம், துணியோடு வந்துவிடும். ஆண்டுகள் போகப் போக இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. தினமும் நனையும் இடத்துக்கு எபாக்சிதான் என்று தயங்காமல் சொல்லலாம். போட்டுவிட்டு நொந்துகொள்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல், கலவை கலந்த முதல் ஒரு மணி நேரத்தில் உண்டானவை.

சிமென்ட் கிரவுட் ஏன் கறுக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கலக்கும்போது ஊற்றிய உபரித் தண்ணீர் ஆவியாகிப் போனதும், அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கிறது. அந்தத் துளைகள் வழியாக சோப்பும் உடல் எண்ணெயும் உள்ளே இறங்க, பூஞ்சைக்கு அதுவே தீனியாகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் வேர் உள்ளே இருக்கும். எபாக்சியில் தண்ணீருக்கு வேலையே இல்லை. பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் வினைபுரிந்து கெட்டியான பிளாஸ்டிக் போல ஆகிவிடுகின்றன. ஈஎன் 13888 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி 240 நிமிடச் சோதனையில் சாதாரண சிமென்ட் கிரவுட் மாதிரித் துண்டு 10 கிராம் வரை தண்ணீர் உறிஞ்சலாம்; எபாக்சி வகை 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. தேய்மானச் சோதனையிலும் அப்படித்தான்: முன்னதற்கு 2000 கன மி.மீ. வரை அனுமதி, பின்னதற்கு 250.

வாங்கும்போது பாக்கெட்டில் ‘ஆர்ஜி’ (RG) என்ற வகைக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். வினைபுரியும் பிசின் கிரவுட்டுக்கு சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13007, ஈஎன் 13888 இரண்டிலும் அதுதான் குறி. சிமென்ட் பொடியில் எபாக்சி திரவத்தைச் சேர்க்கச் சொல்லும் பொருள்களும், டப்பாவைத் திறந்து அப்படியே பூசும் அக்ரிலிக் பேஸ்ட்களும் ‘எபாக்சி போலவே’ என்று விற்கப்படுகின்றன. குளியலறைத் தரையில் அவை எபாக்சி அளவுக்கு உழைக்காது. உண்மையான எபாக்சி கிரவுட் பெரும்பாலும் மூன்று பகுதியாக வரும்: பிசின், ஹார்டனர், நிறமேற்றிய மணல் பொடி.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே வாங்க வேண்டும்; நடுவில் தீர்ந்து வேறு பேட்ச் வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது. டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்த இரண்டின் பெருக்கலால் வகுத்து, இடுக்கின் ஆழத்தாலும் அகலத்தாலும் பெருக்கி, கடைசியாக 1.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். அளவெல்லாம் மி.மீ. கணக்கில். 300க்கு 300 டைல், 8 மி.மீ. ஆழம், 3 மி.மீ. இடுக்கு என்றால் சுமார் 256 கிராம். இதையே 25க்கு 25 மொசைக்கில், 4 மி.மீ. ஆழம், 2 மி.மீ. இடுக்குக்குப் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். சின்ன டைல் என்றால் சின்னச் செலவு என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வந்த கணக்குக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் சேர்த்து வாங்குங்கள்.

பழைய இடுக்கில் போடுவதானால், ஏற்கெனவே உள்ளதைச் சுரண்டி எடுப்பதே பாதி வேலை. டைல் கனத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஆழம் காலியாக வேண்டும்; 8 மி.மீ. டைலுக்கு 5 முதல் 6 மி.மீ. மேலே ஒரு மி.மீ. மட்டும் சுரண்டிவிட்டுப் பூசினால், அந்த மெல்லிய தோல் பிடிப்பில்லாமல் பட்டை பட்டையாக உரியும். அதிரும் மல்ட்டி டூலில் கார்பைடு பிளேடு மாட்டிக்கொண்டால் டைல் ஓரம் சிதையாது. தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, இடுக்கை நன்றாகக் காயவிடுங்கள். புழக்கத்தில் இருந்த குளியலறை என்றால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் படாமல் இருப்பது நல்லது. உள்ளே ஈரம் இருந்தால் பிடிப்பு கெடும், மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகள் வரும், பிறகு அந்தத் துளைகளில்தான் கறுப்புப் புள்ளிகள் தோன்றும்.

கலக்கும்போது பிசினையும் ஹார்டனரையும் டப்பாவின் ஓரம் வரை வழித்து முழுதாகக் கொட்ட வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் ஹார்டனரை விட்டுவிட்டால் விகிதம் மாறிவிடும். ஹார்டனர் அதிகமானால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. வினைபுரிய ஜோடி கிடைக்காத மிச்சம் அப்படியே நிற்கும். இடுக்கு மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், தூசி பிடிக்கும். பாதி பாக்கெட் கலக்க வேண்டுமானால் மூன்றையும் தராசில் நிறுத்து எடுங்கள், கண்ணளவு வேண்டாம். முதலில் இரண்டு திரவங்களையும் கோடுகள் மறையும் வரை மூன்று நிமிடம், பிறகு பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். இளக்கத்துக்கென்று தண்ணீரோ தின்னரோ ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள்.

கலந்ததை வாளியில் குவித்து வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். எபாக்சி இறுகும்போது வெப்பம் வெளிவிடும். குவியலின் நடுவில் அந்த வெப்பம் தங்கி, வினையை இன்னும் வேகமாக்கி, 45 நிமிடம் தாங்க வேண்டிய கலவை 20 நிமிடத்தில் கல்லாகிவிடும். கலந்த உடனே ஒரு பழைய டைல் மேலோ தட்டிலோ மெல்லியதாகப் பரப்பிவிட்டால் நேரம் கிடைக்கும். அறை வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் காலையில் தொடங்குங்கள், ஒரு முறைக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டருக்கு மேல் பூசாதீர்கள்.

பூசுவதற்குக் கெட்டி ரப்பர் ஃப்ளோட் (கைப்பிடி வைத்த தட்டைப் பலகை). இடுக்குக்குக் குறுக்காக, அழுத்தி, அடி வரை இறங்கும்படி தள்ள வேண்டும். பிறகு ஃப்ளோட்டைக் கிட்டத்தட்ட நேராக நிமிர்த்தி, மூலைவிட்டமாக இழுத்து டைல் மேலுள்ளதை வழித்தெடுங்கள். இடுக்கின் திசையிலேயே இழுத்தால் உள்ளே இருப்பதும் வழிந்து வந்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியம்: துடைப்பு. பூசிய 10 முதல் 20 நிமிடத்துக்குள், வெள்ளை நைலான் பேடைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டைல் மேல் வட்டமாக லேசாகத் தேய்த்தால் மிச்சமிருக்கும் பிசின் கரைந்து பால் போல வரும். அந்தப் பாலைச் சுத்தமான ஸ்பாஞ்சால் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். ஸ்பாஞ்சைத் திருப்பி, அடுத்த பக்கத்தால் இன்னொரு இழுப்பு. பிறகு அலச வேண்டும். வாளித் தண்ணீர் கலங்கியதும் மாற்றிவிடுங்கள். கலங்கிய தண்ணீரால் துடைத்தால் பிசினை எடுப்பதற்குப் பதில் சமமாகப் பூசிவிடுவோம். எதிரே நின்று பார்த்தால் டைல் பளிச்சென்றுதான் தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கை தடவியது போல வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். அதுதான் படலம். அப்போதே இரண்டாவது முறை துடைத்தால் போய்விடும். மறுநாள் பார்த்தால் அது இறுகிய பிசின். எபாக்சிப் படலம் நீக்கும் ஜெல்லை ஊறவிட்டுத் திரும்பத் திரும்பச் சுரண்ட வேண்டியிருக்கும். ‘எபாக்சி போட்டதிலிருந்து டைல் மங்கிவிட்டது’ என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. சொரசொரப்பான மேட் டைல், மெருகேற்றாத கல் இரண்டிலும் படலம் குழிகளுக்குள் சிக்கிக்கொள்ளும். மிச்சத் துண்டு ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலை முழுக்க நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறுகாத எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கக்கூடியது. கையில் பட்டால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், தின்னரால் துடைக்காதீர்கள். அது பிசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கும்.

பெரும்பாலான தயாரிப்புகளில் 24 மணி நேரத்தில் நடக்கலாம். முழு ரசாயனத் தாங்குதிறன் வர ஏழு நாள் ஆகும், குளிர் அதிகமென்றால் இன்னும் கூடும். அந்த ஏழு நாளைக்குள் ஆசிட், பிளீச் எதுவும் வேண்டாம்.

புழக்கத்தில் தெரியவரும் முதல் குறை, வெளிர் நிறங்கள் மஞ்சளாவது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் எபாக்சியைத் தாக்கும். தூய வெள்ளை எடுத்தவர்களுக்கு, ஜன்னல் வெளிச்சம் விழும் சுவர் ஒரு சாயலும் எதிர்ச்சுவர் ஒரு சாயலுமாகத் தெரியத் தொடங்கும். சாம்பல், மணல் நிறம் போன்றவற்றில் இந்த மாற்றம் கண்ணுக்குப் படாது. வெயில் நேரடியாக விழும் பால்கனி, மொட்டை மாடிக்கு நல்ல சிமென்ட் கிரவுட்டே பொருத்தம். உலர்ந்தே இருக்கும் படுக்கையறை, கூடத்துக்கும் எபாக்சிக்காகச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது குறை மூலைகளில் வரும். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் கோடுகள் வெப்பத்திலும் பாரத்திலும் கொஞ்சமாவது அசையும். எபாக்சி வளையாது. அங்கே அதை நிரப்பினால் ஓராண்டிலோ ஈராண்டிலோ முடி அளவு விரிசல் விழும், தண்ணீர் உள்ளே போக அது போதும். மூலைகளைக் காலியாக விட்டு, அதே நிறத்தில் பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கான் சீலன்ட் போடுவதே முறை. மார்பிள் பக்கத்தில் இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து, நியூட்ரல் வகையை எடுங்கள். எபாக்சி அப்படியே நிற்க, சிலிக்கானை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அப்போது பழையதைத் துளி மிச்சமில்லாமல் உரித்தெடுங்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது.

பராமரிப்பு என்று பார்த்தால் வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும். உப்புத் தண்ணீரின் வெள்ளைக் கறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டு அலசலாம். மார்பிள் மீதும், பக்கத்தில் சிமென்ட் கிரவுட் இருந்தால் அதன் மீதும் படக் கூடாது. ஆசிட் போட்ட கையோடு பிளீச் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எபாக்சி நீர்க்காப்பு என்று நம்பிப் போடுபவர்களுக்காக ஒரு வார்த்தை. நீர்க்காப்பு டைலுக்கு அடியில் உள்ள பூச்சின் வேலை. கீழ்த்தளக் கூரையில் ஓதம் தெரிகிறது என்றால் முதலில் வடிகாலை அடைத்து, தரையில் 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் பாருங்கள். கசிவு குழாய் இணைப்பிலா, வடிகால் ஓரத்திலா, அடிப் பூச்சிலா என்று கண்டுபிடிக்காமல் இடுக்கை மட்டும் அடைத்தால், வேறு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற முடியாமல் டைலுக்கு அடியிலேயே தங்கும்.

அதேபோல் போடுவதற்கு முன் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த டைலை எடுத்து மறுபடி ஒட்டிவிட்டுத்தான் கிரவுட். ஆடும் டைலைச் சுற்றி சிமென்ட் கிரவுட் இருந்தால் கிரவுட் உதிரும். எபாக்சி இருந்தால் அது விட்டுக்கொடுக்காது, டைல் ஓரம்தான் சிதறும். பின்னாளில் குழாய் வேலைக்காக ஒரு டைலை எடுக்க நேர்ந்தாலும் இதே சிக்கல்தான். ஹீட் கன்னால் இடுக்கைச் சூடேற்றினால் எபாக்சி சற்று இளகும். இளகியிருக்கும்போதே பிளேடால் அறுத்துக்கொண்டு வந்தால் பக்கத்து டைல் தப்பிக்கும். அந்த ஒரு டைலைத் திரும்ப ஒட்டிப் பூச, நிற எண்ணும் தயாரிப்பின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். பாக்கெட்டின் அந்தப் பகுதியை வெட்டி, மிச்ச டைல்களோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.