பகுதிநேர நாடகப் பயிற்றுநர்களே, கவனம்: 142,400 ரூபாவை விழுங்கிய "செய்முறை நேரம்"

மட்டக்களப்பு நகரில் டிப்ளோமா பாடநெறிகள் நடத்தும் ஒரு தனியார் கல்லூரி, அங்கே பகுதிநேரமாக நாடகம் படிப்பித்த எனக்குத் தரவேண்டிய 142,400 ரூபாவைத் தரமுடியாது என்று நேற்று நேராகவே சொல்லிவிட்டது. பெயர் போடவில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகமும் அரங்கியலும் படித்து முடித்த பிள்ளைகள் அரச நியமனம் வரும்வரை இப்படியான இடங்களில்தான் பகுதிநேரமாகப் படிப்பிக்கப் போகிறார்கள். அடுத்த பிரிவுக்கு அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இதை இன்றே எழுதுகிறேன்.

கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். பேசிய தொகை மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா. அவர்களே அச்சடித்துத் தந்த நேரசூசியில் 60 மணித்தியாலம் இருந்தது: கோட்பாடு 20, செய்முறை 40. ஆக 90,000 ரூபா. இறுதிச் செய்முறைப் பரீட்சைக்கு 14 மாணவரை வைத்து 40 நிமிட வடமோடி (ஆடிப் பாடும் எங்கள் ஊர்க் கூத்து வகை) ஆற்றுகை ஒன்று செய்ய வேண்டும், செலவைப் பில் பார்த்துத் தருவார்கள் என்பது பேச்சு. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் 24,000. உடுப்பு, கிரீடம், சதங்கை வாடகை 18,500. ஒப்பனைச் சாமான் 6,200. சாமான் ஏற்றி இறக்கிய பட்டா என்ற சிறு லொறிக்கு 3,700. இந்த 52,400 ரூபாவும் என் கையால் போனது. இரண்டையும் கூட்டினால் 142,400. இதில் ஒரு சதம்கூட வரவில்லை.

இப்போது அவர்கள் சொல்லும் நியாயம்: "செய்முறை நேரம் விரிவுரை இல்லை. பிள்ளைகள் ஆடினார்கள், நீங்கள் நின்று பார்த்தீர்கள். 20 மணித்தியாலத்துக்குத்தான் காசு." அந்தக் காசும் இன்னும் வரவில்லை. கூத்துப் பழக்கிய எவருக்கும் இதைக் கேட்டால் வயிறு எரியும். ஊரில் சட்டம் கொடுத்ததிலிருந்து (ஆட்டக்காரருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டுப் பகுதியைக் கொடுப்பது) அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடியவிடிய ஆடும் கூத்தை நவீன மேடைக்காகச் சுருக்கினார். அந்த வழியில்தான் இன்று கல்லூரிகளும் சுருக்கிய கூத்தைப் பரீட்சைக்கு வைக்கின்றன. கூத்தின் நீளத்தைச் சுருக்கலாம். உடம்பு பழகுவதற்கு வேண்டிய நேரத்தைச் சுருக்க முடியாது.

அந்த 40 மணித்தியாலம் எங்கே போகிறது? முதல் 10 மணித்தியாலம் கால் மட்டும். தாளக்கட்டை வாயால் சொல்லி, காலால் மிதித்து, பாட்டே இல்லாமல் பழக்க வேண்டும். அவசரப்பட்டு ஆட்டத்தையும் பாட்டையும் சேர்த்தால் மூச்சு வாங்கும், சுருதி இறங்கும், பாட்டைப் பின்னால் வாங்கிப் பாடும் பிற்பாட்டுக்காரர் அந்த இறங்கிய சுருதியிலேயே பிடிப்பார்கள், பிறகு முழுக் கூத்தும் கீழே போய்விடும். அடுத்த 8 மணித்தியாலம் மத்தளத்தோடு பாட்டு. மாரி காலத்தில் மத்தளத்தின் தோல் தளர்ந்துவிடும், சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த நேரமும் வகுப்பு நேரத்துக்குள்தான் போகும். 12 மணித்தியாலம் களரி (கூத்தாடும் இடம்) ஒழுங்குக்கு. வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் நடுவில் நிற்க, ஆட்டக்காரர் சுற்றி ஆடுவார்கள். விரிவுரை மண்டபத்து மேடையில் அப்படி நிறுத்தினால் முன்வரிசையில் இருக்கும் பரீட்சகருக்கு அண்ணாவியாரின் முதுகுதான் தெரியும். பக்கவாத்தியத்தை ஓரத்துக்கு எடுத்தால் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவையும் திரும்பலையும் புதிதாக அமைக்க வேண்டும்.

மீதியில் 6 மணித்தியாலம் உடுப்போடு, 4 மணித்தியாலம் முழு ஓட்டம். உடுப்பு வாடகையைப் பற்றித்தான் கணக்காளர் அதிகம் துள்ளினார்: பரீட்சை ஒரு நாள், ஏன் மூன்று நாள் வாடகை? கரப்புடுப்பு இடுப்பிலிருந்து அகலமாக விரிந்து நிற்கும். ஜீன்ஸோடு பழகிய பிள்ளை அதைப் பரீட்சை அன்று முதல்முறை கட்டினால் பக்கத்தில் ஆடுபவரோடு இடிபடும். கிரீடம் சரியும், கை அதைப் பிடிக்கப் போகும், தாளம் விடும். சதங்கையின் பாரமும் அப்படித்தான், மிதியையே மாற்றிவிடும். ஆகக் குறைந்தது இரண்டு ஒத்திகை உடுப்போடு வேண்டும். இரண்டும் ஒன்றும் மூன்று நாள். இதில் எது ஆடம்பரம்?

ஒலியமைப்பைக் கல்லூரி தரும் என்றார்கள். பிற்பாட்டுக்கு இரண்டு, மத்தளத்துக்கு ஒன்று என்று மூன்று ஒலிவாங்கி கேட்டேன். வந்தது ஒன்று.

எழுத்தில் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் அவர்களுடைய கெட்டித்தனம். ஆற்றுகை வேலை தொடங்கிய அன்று பணிப்பாளர் வெற்றிலைத் தட்டோடு வந்தார். அண்ணாவியாரின் முன்னால் வைத்து, பிள்ளைகள் எல்லாரும் பார்க்கக் கும்பிட்டு, "அண்ணாவியார், உங்களுக்கு நாங்க ஒரு குறையும் வைக்கமாட்டம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், செலவ நீங்க பாருங்க, பில்லத் தாங்க, அடுத்த கிழமையே காசு கைக்கு வந்திரும். நம்மட ஆக்களுக்குள்ள என்ன எழுத்தும் கையெழுத்தும்?" என்றார். எங்கள் ஊரில் ஒருவர் வெற்றிலை வைத்து அண்ணாவியாரை அழைத்த பிறகு, அதே இடத்தில் நின்று "எழுதித் தாங்க" என்று யார் கேட்பார்? அந்த மரியாதையைத் தெரிந்தே, கேட்க முடியாத இடத்தில் வைத்துச் சொன்னார். மரபைப் படிப்பிக்கிறோம் என்று பலகை போட்டுக்கொண்டு அந்த மரபை வைத்தே ஏமாற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பரீட்சை முடிந்தது, புள்ளிகள் போயின. அதற்குப் பிறகு வந்த பதில்கள்: "கணக்காளர் லீவில, திங்கள் வாங்க." "சேர் கொழும்புக்குப் போயிருக்கார்." "பிள்ளைகள் கடைசித் தவணைக் காசு இன்னும் கட்டல்ல." "வவுச்சர் படிவம் மாறிட்டுது, புதுசா நிரப்பித் தாங்க." நிரப்பிக் கொடுத்தேன். "வரவுப் பதிவேட்டில செய்முறை நாட்களுக்கு உங்கட ஒப்பம் இல்லையே" என்றார்கள். அந்தப் பதிவேட்டைச் செய்முறை நாட்களில் அலுவலக அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவர்களும் அவர்களே. வகுப்பு மாலை 5 மணிக்கு, அலுவலகம் 4.30க்கு மூடிவிடும். பில்களைக் கொடுத்தால், அவை என் பெயரில் இருப்பதால் கல்லூரிக் கணக்கில் ஏற்ற முடியாது என்றார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேற்று வந்த கடைசி வார்த்தை: "கலைக்குச் செய்த சேவையா நினைச்சுக்கொள்ளுங்க சேர்." 142,400 ரூபா சேவை! அண்ணாவியாருக்கு நான் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய கூலியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினேன், அதுதான் முறை.

இதையெல்லாம்விடக் கொதிக்க வைப்பது, அந்த ஆற்றுகையின் படங்களும் காணொளியும் இப்போது அவர்களுடைய பேஸ்புக் விளம்பரத்தில் ஓடுகின்றன. "பாரம்பரியக் கூத்துப் பயிற்சியுடன் கூடிய டிப்ளோமா" என்று எழுதியிருக்கிறார்கள். உடுப்புக்கு நான் கட்டிய வாடகையில் எடுத்த படம் அது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது.

நியமனக் கடிதத்தில் "விரிவுரை" என்ற ஒரு சொல் மட்டும் இருக்க விடாதீர்கள். கோட்பாடு இத்தனை, செய்முறை இத்தனை, ஒத்திகை இத்தனை, மூன்றுக்கும் மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதட்டும். செய்முறையில் இரண்டு மணியை ஒன்றாகக் கணக்கிடும் இடங்களும் உண்டு. அப்படியென்றால் முதலே தெரியட்டும்.

பதிவேடு கைக்கு வராவிட்டால் அன்றன்றே வகுப்புத் தலைவரிடம் ஒரு தாளில் ஒப்பம் வாங்கி, படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்.

"கௌரவக் கொடுப்பனவு" என்று எழுதினால் உசாராகுங்கள். பகுதிநேர ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, அவர்கள் 12 சதவீதம் போட வேண்டும். உங்களை ஊழியர் என்று காட்டாமல் விடுவதற்கே அந்தச் சொல். சம்பளம் தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நான் கொடுக்கப் போகிறேன்.

கல்லூரி மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று கேளுங்கள். பதிவு இலக்கத்தைச் சொல்லாமல் கதையை மாற்றினால் எழும்பி வாருங்கள்.

உடுப்புக்காரருக்கும் வாகனத்துக்கும் முற்பணத்தை உங்கள் பையிலிருந்து எடுக்காதீர்கள். பில் கல்லூரியின் பெயரில் இருக்கட்டும், காசு கல்லூரியிலிருந்து போகட்டும். அண்ணாவியாரின் கூலி கைக்கு வராமல் சட்டம் கொடுக்கக் கூப்பிடவே வேண்டாம்.